கட் ஆஃப் கேட்காமல் லாரியைக் கிளப்பாதீர்கள்

சங்கரன்கோவில் பக்கம் ஒரு அண்ணாச்சி. நிலாவாரை இலை ஜெர்மனிக்கு அனுப்புகிறார், முதல் கன்டெய்னர். கட் ஆஃப், அதாவது பெட்டி துறைமுகத்துக்குள் வந்து சேர வேண்டிய கெடு, முடிந்து நாலு மணி நேரம் கழித்து லாரி தூத்துக்குடி துறைமுக கேட்டில் வந்து நிற்கிறது. "திருநெல்வேலியில இருந்து அம்பது கிலோமீட்டர்தான தம்பி, கப்பல் இன்னும் கெளம்பலல்லா?" என்கிறார். கப்பல் கிளம்பவில்லைதான். ஆனால் பெட்டி ஏறாது. கஸ்டம்ஸ் ஏஜென்ட் வேலையில் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

துறைமுகம் பக்கத்தில் இருந்தால் சரக்கு சீக்கிரம் போய்விடும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. நீங்கள் பிடிக்க வேண்டியது தூத்துக்குடிக் கப்பலை மட்டும் இல்லை. இங்கிருந்து போகும் பெட்டிகளில் பெரும்பகுதி சின்ன பீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே ஐரோப்பா போகும் பெரிய கப்பலுக்கு மாறுகிறது. எந்தப் பெட்டி எந்த அடுக்கில், எந்த எடைக்கு மேல் எது என்பதைக் கப்பல் வருமுன்பே டெர்மினலில் வரைந்துவிடுவார்கள். அதற்காகத்தான் கட் ஆஃப். அதைத் தவறவிட்டால் பீடர் போச்சு. பீடர் போனால் கொழும்பில் பெரிய கப்பலும் போச்சு. அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம் ஆகலாம். அதுவரை யார்டு வாடகை ஓடும். எல்.சி.யில், அதாவது வாங்குகிறவரின் பேங்க் தரும் பண உறுதிப் பத்திரத்தில், போட்ட கடைசி ஷிப்மென்ட் தேதியும் தாண்டிவிட்டால் பேங்கில் பணம் நிற்கும். ஐம்பது கிலோமீட்டரோ ஐந்நூறு கிலோமீட்டரோ, கணக்கு ஒன்றுதான்.

கடல் இருந்தால் துறைமுகம் வந்துவிடாது. இதற்கு நம் தாமிரபரணிக் கரையே சாட்சி. கொற்கை முத்துத் துறைமுகமாக இருந்தது. ஆறு வண்டலைக் கொட்டிக் கடலைத் தள்ளிவிட, வியாபாரம் பழையகாயலுக்குப் போனது, அப்புறம் புன்னைக்காயல், கடைசியில் தூத்துக்குடி. அங்கும் ஆழம் போதாமல் கப்பல்கள் வெகுதூரம் தள்ளி நிற்க, தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தன. 1870களில் மணியாச்சி வழியாக ரயில் வந்த பிறகு கரிசல் காட்டுப் பருத்தி சுலபமாகக் கரைக்கு வந்தது. கொழும்பு போகும் பயணிகளும் இங்கேதான் கப்பல் ஏறினார்கள். 1914ல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்தக் கூட்டம் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. 1906ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்ததும் இதே கொழும்பு வழிக்காகத்தான். 1974ல் பெருந்துறைமுகம் ஆனபோது ஆழமான தளம் கிடைத்தது. ரோடு, ரயில், ஆழம், அடுத்த துறைமுகத்தோடு உள்ள தொடர்பு என்று எல்லாம் சேர்ந்தால்தான் துறைமுகம்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். புக்கிங் கையில் வந்ததும் கப்பல் தேதியைப் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். பெட்டி உள்ளே வரக் கேட் கட் ஆஃப், தாள்கள் கொடுக்க ஆவணக் கட் ஆஃப், இரண்டையும் எழுதிக் கேளுங்கள். லாரியைக் கேட் கட் ஆஃபுக்கு ஒரு நாள் முன்னால் கொண்டு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இரண்டு நாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றதை மறந்துவிடக் கூடாது.

எடையை உத்தேசமாகச் சொல்லாதீர்கள். 2016 ஜூலையிலிருந்து சரிபார்த்த எடை இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்ற முடியாது. தென்னை நார்க் கழிவு அனுப்புகிறவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஈரம் ஏறிய கட்டி தாளில் உள்ளதை விடக் கனக்கும்.

இலைச் சரக்குக்குத் தாவர நலச் சான்றிதழை முன்பே கேட்டு வாங்குங்கள், கப்பலுக்கு முந்தின நாள் ஓடாதீர்கள். சரக்கை அடுக்கும் மரப் பேலட் என்றால், பூச்சி போகப் பதப்படுத்திய மரம் என்று காட்டும் கோதுமைக் கதிர் முத்திரை கட்டையில் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். "பேலட்காரர் அடித்திருப்பார்" என்று விடாதீர்கள். முத்திரை இல்லாத பேலட்டை அந்த நாட்டில் திருப்பி அனுப்பவோ அழிக்கவோ செய்வார்கள், செலவு உங்கள் தலையில்.

காலிப் பெட்டி வந்ததும் கதவைச் சாத்தி உள்ளே நின்று பாருங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை இருக்கிறது, வேறு பெட்டி கேளுங்கள். நிலாவாரை இலை ஒரு மழையைத் தாங்காது.

முதல் முறை அனுப்புகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லாரிக்குச் சொல்லுமுன் உங்கள் ஏஜென்டுக்கு ஒரு போன் போடுங்கள், அண்ணாச்சி. ராத்திரியானாலும் பரவாயில்லை.