டம்ளர் சிக்குவதும் கட்டர் நிற்பதும்

பீளமேட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய இரும்புக் கடையில் பிரிட்ஜ்போர்ட் வகை மில்லிங் மெஷின் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது) ஒன்றை எடை விலைக்கு எடுத்தாராம். டேபிள், ஸ்குரூ எல்லாம் தேறும். ஆனால் கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஓடும் இழுப்புக் கம்பியான டிராபாரைக் காணோம். ஸ்பிண்டிலின் வாயில் உள்ள கூம்பு வடிவத் துளையான டேப்பருக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பின்னும் முறிந்துவிட்டது. "பின் போனால் கட்டர் சுற்றாது, ஸ்பிண்டிலையே மாற்றணும் என்கிறார் மெக்கானிக். அப்படியா சார்?"

அப்படி இல்லை. அந்தப் பின் கட்டரைச் சுற்றுவதற்காக வைத்ததே அல்ல.

எவர்சில்வர் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி வைத்துவிட்டுப் பிரிக்க முடியாமல் திண்டாடியிருப்பீர்கள். வாயகன்ற கிண்ணங்கள் அப்படிச் சிக்குவதில்லை. சரிவுதான் வித்தியாசம். டம்ளரின் பக்கம் கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. லேசாக அழுத்தினாலே ஆப்பு மாதிரி இறுகிவிடும். அப்புறம் அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு.

டிரில்லிங் மெஷினில் இருக்கும் மோர்ஸ் டேப்பர் டம்ளர் சாதி. 100 மி.மீ. நீளத்துக்கு அதன் சுவர் சுமார் 2.6 மி.மீ.தான் சரிகிறது, அதாவது சரிவு 0.026. எண்ணெய்ப் பசையுள்ள எஃகுக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வெண் ஏறத்தாழ 0.12 முதல் 0.15 வரை. சரிவு உராய்வெண்ணைவிடக் குறைவாக இருக்கும்வரை டேப்பர் தானாகக் கழலாது. அதனால்தான் மோர்ஸ் டேப்பரைக் கழற்ற ஆப்பு வைத்துத் தட்டுகிறோம்.

பிரிட்ஜ்போர்ட்டில் இருப்பது ஆர்8 டேப்பர். அதன் சரிவு சுமார் 0.148. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: டம்ளரும் இல்லை, கிண்ணமும் இல்லை, சரியாக எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருக்கிறது! இழுத்துப் பிடித்தால் இறுகும், விட்டுவிட்டு ஒரு தட்டு தட்டினால் விடும். அந்த இழுப்பைத் தருவது டிராபார்.

எவ்வளவு இழுப்பு? டிராபாரின் மரை 7/16 அங்குலம், அதாவது 11 மி.மீ. சொச்சம். ஸ்பானரால் 25 நியூட்டன் மீட்டர் முறுக்கினால் அது கோலெட்டை, அதாவது கட்டரைக் கவ்வி டேப்பருக்குள் உட்காரும் பிடியை, ஒரு டன்னுக்கும் சற்று அதிகமான விசையில் மேலே இழுக்கும். சரிவு அதைப் பெருக்கிச் சுவரின்மேல் சுமார் 4 டன் அழுத்தமாக்குகிறது. இதனால் வரும் உராய்வு ஏறக்குறைய 70 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்கும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் நிமிடத்துக்கு 500 சுற்றில் தருவது 14 மட்டுமே. தோராயக் கணக்குதான், ஆனாலும் இருப்பு ஐந்து மடங்கு. முழுக்க உராய்வின் பிடி. டிராபாரை முறுக்கும்போது கோலெட் கூடவே சுற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் பின்னின் வேலை. பலர் அதை வேண்டுமென்றே கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள்.

எல்லா மெஷினுக்கும் இது பொருந்தாது. பெரிய மில்லிங் மெஷின்களில் வரும் ஐஎஸ்ஓ 40 டேப்பரின் சரிவும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அங்கே டேப்பர் இருப்பது கட்டரைச் சரியாக மையத்தில் உட்கார வைக்க மட்டுமே. முறுக்கைத் தாங்குவது ஸ்பிண்டில் மூக்கில் திருகியிருக்கும் இரண்டு கீ, அதாவது எஃகுக் கட்டைகள். அவை காணாமல் போயிருந்தால் அலட்சியம் கூடாது.

சரி, டிராபார் செய்வது எப்படி? ஒரு லேத் பட்டறையில் இஎன்8 ரக எஃகுக் கம்பியில் கடைந்துகொள்ளலாம். முதலில் கையில் இருக்கும் கோலெட்டின் மரையைக் கேஜ் வைத்துப் பாருங்கள். அங்குலத்துக்கு 20 மரை என்பதுதான் வழக்கம். எம்12 மரை போட்ட கோலெட்டுகளும் கடையில் கிடைக்கின்றன. தெரியாமல் திணித்தால் இரண்டும் போச்சு.

டேப்பரில் துரு இருந்தால் உடனே கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டாம். புதுக் கோலெட்டில் மெல்லிசாக ப்ளூ (எங்கே தொடுகிறது என்று காட்டும் நீலப் பசை) தடவி, ஏற்றி இறக்கிப் பாருங்கள். அகன்ற வாய்ப்பக்கம் சுற்றிலும் நிறம் ஒட்டினால் போதும். இதைச் சொல்லும்போது ஆயுத பூஜை நினைவுக்கு வருகிறது. மெஷினுக்குப் பொட்டு வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை, தூணில் வையுங்கள். ஸ்பிண்டில் வாயிலேயே சந்தனம் அப்பியதை நான் பார்த்திருக்கிறேன். காய்ந்த துணுக்கு 0.05 மி.மீ. ஒரு பக்கம் மாட்டினாலும் கட்டர் நுனி அதைவிட அதிகமாக ஆடும். அந்த ஆட்டத்தைக் கண்டுபிடிக்க, நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயல் கேஜ் ஒன்று வேண்டும். பயிற்சிக்கூடங்களில் கணினியில் ஓடும் சிஎன்சி மெஷின் வாங்கத் திறப்பு விழா நடக்கிறது. டயல் கேஜ் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள்.

கோலெட்டைக் கழற்றும்போது டிராபாரை ஒன்றிரண்டு சுற்று மட்டும் தளர்த்திப் பித்தளைச் சுத்தியலால் தலையில் தட்டுங்கள். முழுக்கக் கழற்றிவிட்டுக் கடைசி மரையில் தட்டினால், மறுபடியும் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.