விசிறிக்கு அடியில் வியர்வை

ஏகாதசி. காலையில் வழக்கம்போல் சர்க்கரை நோய்க்கான கிளிமிப்பிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்ட பெரியவர், விரதம் என்று பலகாரத்தைத் தொடவில்லை. பதினோரு மணிக்கு, தலைக்கு மேல் விசிறி சுற்றும்போதே நெற்றி வியர்க்கிறது. "காபியாவது தரட்டுமா மாமா?" என்ற மருமகளிடம் எரிந்து விழுகிறார். பசிக் கோபம் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் அவருக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கிறது.

கிளிமிப்பிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா என்று பார்க்காது. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அதைத் தாழ்நிலை என்கிறார்கள். உடல் அட்ரினலினைச் சுரந்து எச்சரிக்கும்: படபடப்பு, கைநடுக்கம், அகோரப் பசி. 54-க்கும் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சேமிப்போ மிகச் சொற்பம். ஆபத்தை உணர வேண்டிய உறுப்பே மங்கிப்போவதால், அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். பல ஆண்டு நோயாளிகளுக்கு எச்சரிக்கைகளும் மழுங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். அதைக் கவனிக்கப் பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

நம் வீடுகளில் சர்க்கரை நோயாளிக்கு உதவுவது என்றால் லட்டு டப்பாவை ஒளித்து வைப்பது. அதே கை, சர்க்கரையை எப்போது எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை.

நினைவோடு இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியபின் சாப்பாடு, அன்றைக்கு விரதம் போதும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சமையலறைச் சர்க்கரையும் சட்டென்று பலன் தராது. அதைக் குடலில் உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவருக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். கிளிமிப்பிரைடு வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏறியபின்னும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும். சிறுநீரகம் பலவீனமான முதியவர் தெளிந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வீட்டிலிருந்து ஒருவர் கூடவே உள்ளே போகலாம். "இதில் எந்த மாத்திரை சர்க்கரையை ரொம்ப இறக்கும்?" என்று கேட்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. இன்சுலின் போடுபவருக்கு நடுநிசியிலும் இறங்கலாம்: நனைந்த தலையணை, தூக்கத்தில் உளறல். குளுக்கோஸ் டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்பது பத்து வயதுப் பேத்திக்கும் தெரிந்திருக்கட்டும்.