கைசென்: சொல்லும் பொருளும்

‘கைசென்’ என்பது, முன்னிருந்ததைவிட நன்றாக மாற்றுதல் என்ற பொருளில் ஜப்பானியர் வழங்கும் பொதுச்சொல். இதில் ‘கை’ மாற்றுதலையும் ‘சென்’ நன்மையையும் குறிக்கும். பின்பாதியை ஜென் பௌத்தத்தோடு இணைத்து விளக்குவது பிழை. இரண்டும் வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படும் வெவ்வேறு சொற்கள்.

இது தொழிற்சாலைக் கலைச்சொல்லாக வளர்ந்ததில் அமெரிக்காவுக்கும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆலைகளுக்குப் புதிதாக வந்தவர்களை விரைவாகப் பழக்குவதற்காக, 1940 முதல் 1945 வரை அந்நாட்டு அரசு ஒரு பயிற்சித் திட்டத்தை நடத்தியது. ஒரு வேலையை நுண்கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஏன் தேவை, அதை எங்கே, எப்போது, யார், எவ்வாறு செய்வது என்று கேட்டு, வேண்டாததை நீக்கவும் எஞ்சியதை இணைக்கவும் வரிசை மாற்றவும் எளிதாக்கவும் அதன் ஒரு பகுதி கற்பித்தது. போருக்குப் பின் இப்பயிற்சி ஜப்பானுக்குச் சென்றது. டொயோட்டா நிறுவனம் இதை ஏற்றதோடு, பணியாளர்களிடம் யோசனை பெறும் முறையையும் 1951இல் தொடங்கியது. ஜப்பானிய மேலாண்மை ஆலோசகர் மசாக்கி இமாய் இச்சொல்லைத் தலைப்பாக்கி 1986இல் எழுதிய ஆங்கில நூல் இதை உலகெங்கும் பரப்பியது.

இன்று இச்சொல்லுக்கு இரண்டு வழக்குகள் உள்ளன. ஒன்று, அன்றாடம் செய்யப்படும் சிறு மேம்பாடு. மற்றொன்று, பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் ஒரு குழு தன் வேலைமுறையையே மாற்றியமைக்கும் முயற்சி. கொள்முதல் ஒப்புதலை எடுத்துக்கொள்வோம். கையொப்பமிடச் சில நிமிடங்களே ஆகும் கோப்பு, மேசைக்கு மேசை பல நாள்கள் காத்துக் கிடக்கிறது. கோப்பை எழுதுபவர், சரிபார்ப்பவர், பணம் வழங்குபவர், பொருளுக்காகக் காத்திருப்பவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து, அதன் பாதையைப் படிப்படியாகச் சுவரில் வரைந்து, காத்திருக்கும் நேரத்தை அளந்து, தேவையற்ற கையொப்பங்களை நீக்கி, புதிய முறையை அதே வாரத்தில் நடைமுறையில் இட்டுப் பார்க்கிறார்கள். இறுதி நாளில் மேலாளரிடம் அவர்கள் காட்டுவது பரிந்துரை அறிக்கையன்று, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் மாற்றம். விரைவு இங்கிருந்துதான் வருகிறது: வேலையை அறிந்தவர்களும் முடிவெடுக்கும் அதிகாரமும் ஒரே இடத்தில் இருக்கும்போது, அனுமதிக்காகக் காத்திருக்கும் காலம் மறைந்துவிடுகிறது.

1990இல் அமெரிக்க மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் முன்வைத்த வணிக மறுகட்டமைப்பு, மேலிடத்து ஆணையில் தொடங்கும் அடியோடான மாற்றம் என்பதால், அதையும் கைசென்னையும் ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது.

தமிழில் ‘தொடர் மேம்பாடு’ என்பது பரவலாக வழங்குகிறது. முதல் வழக்குக்கு அது போதும். சில நாள்களில் முடியும் குழுமுயற்சியைத் தொடர்ச்சி என்பது முரணாகும். நேர்பொருள் தரும் ‘சீர்திருத்தம்’ சமூக, அரசியல் துறைகளில் வேரூன்றிவிட்டது. ‘சீராக்கம்’ அத்தகைய சுமையற்றது. வேலை நடக்கும் இடத்தைக் குறிக்கும் ‘கெம்பா’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு நம் ‘களம்’ இயல்பாகப் பொருந்துவதால், குழு நடத்தும் விரைவு மாற்றத்தைக் ‘களச் சீராக்கம்’ எனலாம் என்பது என் துணிபு. வேலை செய்பவரே அதை மாற்றுகிறார் என்னும் உயிர்ப்பொருளை அச்சொல் விடாமல் காக்கிறது. இதனோடு வரும், பயன் தராத வேலையையும் காத்திருப்பையும் குறிக்கும் ‘முடா’ என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘வீண்’ என்பதே போதும்.