அவுட்லுக்கை மாற்றாமலே மெயிலைப் பூட்டலாம்

ஆடிட்டர், வக்கீல் அலுவலகங்களின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். மெயில் பாதுகாப்பு பற்றிப் பேச்செடுத்தாலே, "என்ன வேண்டுமானாலும் செய்யுங்க சார், அவுட்லுக்கை மட்டும் மாத்தாதீங்க" என்பார்கள். நியாயம்தான். பல வருடத்துக் கடிதப் போக்குவரத்து அதில்தான் இருக்கிறது. அதனால் பிடிஎஃப்புக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு, அதே மெயிலின் அடியில் "பாஸ்வேர்டு: உங்கள் பான் எண், பிறந்த தேதி" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். இந்த இரண்டும் எத்தனை ஜெராக்ஸ் கடைகளைப் பார்த்திருக்கும் என்று யோசித்தால் போதும்.

இவர்களுக்கு நான் போட்டுக்கொடுப்பது ஜிபிஜி4வின் என்ற பூட்டும் சாஃப்ட்வேர். இலவசம். அதோடு வரும் கிளியோபாட்ரா என்ற புரோகிராமில் 'நோட்பேட்' என்று ஒரு பகுதி உண்டு. அதில் கடிதத்தை அடித்து, யாருக்கு என்று தேர்ந்தெடுத்து, என்கிரிப்ட் (பூட்டு) பட்டனை அழுத்தினால் எழுத்தெல்லாம் புரியாத குப்பையாக மாறும். அதை காப்பி செய்து மெயிலிலோ சாட்டிலோ ஒட்டலாம். பெறுகிறவர் அதைத் தன் நோட்பேடில் ஒட்டிப் பிரித்துப் படிப்பார். அனுப்பும்போது 'எனக்கும் சேர்த்து' என்ற டிக்கை எடுத்துவிடாதீர்கள். எடுத்தால், போன வாரம் என்ன எழுதினோம் என்பதை நீங்களே திறந்து பார்க்க முடியாது.

"இந்த காப்பி-பேஸ்ட் எதற்கு, மெயிலுக்குள்ளேயே தானாக நடக்காதா?" என்று கேட்பார்கள். நடக்கும். தண்டர்பேர்டு என்ற மெயில் சாஃப்ட்வேரில் 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்தே இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனாலும் பழக்கமில்லாதவர்களுக்கு நோட்பேட் போன்ற தனிப் பெட்டியைத்தான் சிபாரிசு செய்கிறேன். 2013-இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு வகையையும் ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் தானாக, கண்ணுக்குத் தெரியாமல் நடந்தபோது சிலர் குழம்பிப்போய்ப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டார்கள். எழுத்து உருமாறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்பிக்கை வருகிறது என்றவர்களும் இருந்தார்கள்.

இன்னொரு காரணம், 2018 மே மாதம் வெளியான ஈஃபெயில் ஓட்டை. வழியில் கடிதத்தைப் பிடித்தவன் அதைத் திறக்கவே வேண்டியதில்லை. சுற்றிலும் கொஞ்சம் ஹெச்டிஎம்எல் (வலைப்பக்கம் எழுதும் குறிமொழி) சேர்த்து உங்களுக்கே திரும்ப அனுப்புவான். அன்றைக்கு இருந்த பல மெயில் சாஃப்ட்வேர்கள் அதைப் பிரித்து, வெளியிலிருந்து ஒரு படத்தை இறக்குவதாக நினைத்துக்கொண்டு, பிரித்த வாசகத்தை அவனுடைய சர்வருக்கே அனுப்பிவிடும். கண்டுபிடித்தவர்கள் அப்போதைக்குச் சொன்ன வழிகளில் ஒன்று, மெயில் சாஃப்ட்வேருக்கு வெளியே தனியாகப் பிரித்துப் படியுங்கள் என்பது.

தனிப் பெட்டியிலும் கசிவு உண்டு. நான் அடிக்கடி பார்ப்பது, கடிதத்தை முதலில் மெயிலிலேயே அடித்துவிட்டுப் பிறகு வெட்டி எடுத்துப் பூட்டுவது. அதற்குள் டிராஃப்ட் சர்வரில் ஏறியிருக்கும். எழுதுவதை கிளியோபாட்ராவின் நோட்பேடிலேயே தொடங்குங்கள். காப்பி செய்ததையெல்லாம் சேர்த்து வைக்கும் விண்டோஸ் கிளிப்போர்டு ஹிஸ்டரியையும் அணைத்துவிடுங்கள். அப்புறம் பதில் எழுதுகிறவர், பிரித்த கடிதத்தை அப்படியே கீழே ஒட்டி, "ஓகே சார்" என்று சாதாரண மெயிலாக அனுப்புவார். பூட்டியதெல்லாம் வீண்.

ஒருவருடைய பொதுச் சாவி (அவருக்கு அனுப்புவதைப் பூட்டப் பயன்படுவது) மெயிலில் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பருக்கு போன் போட்டு அதன் ஃபிங்கர்பிரிண்டை, அதாவது சாவியின் அடையாளக் குறியீட்டை, படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். பெரும்பாலும் 40 எழுத்து, ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாவிட்டால் யாரோ ஒருவருடைய சாவியில் பூட்டி அவருக்கே கொடுத்ததாகிவிடும். உங்களுக்கு வந்ததைத் திறக்கும் உங்கள் ரகசியச் சாவியை பென்டிரைவில் எடுத்துப் பீரோவில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் போனால், அது இல்லாமல் பழைய கடிதங்களை என்னாலும் மீட்டுத் தர முடியாது.

யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பதையும், சப்ஜெக்ட் வரியையும் இந்த முறை மறைக்காது. "ஜீவனாம்ச வழக்கு" என்று மேலே எழுதிவிட்டு உள்ளே பூட்டுகிறார் ஒரு வக்கீல். ஃபைல்களுக்கும் இதே கதைதான். ரைட் கிளிக் செய்து பூட்டினால் பழைய பெயரோடு .ஜிபிஜி என்று ஒட்டிக்கொண்டு வரும். கட்சிக்காரர் பெயர் அதில் இருந்தால் அனுப்பும் முன் மாற்றிவிடுங்கள்.