இந்தக் கேம் எப்பத்தானுங்க முடியும்?

"ஏனுங்க மேடம், இந்தக் கேம் எப்பத்தானுங்க முடியும்?"

திருப்பூரில் என் ஆலோசனை அறையில் உட்கார்ந்து ஒரு அம்மா இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். மகனுக்கு வயது 19, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், நாலு பேப்பர் அரியர். "சினிமான்னா மூணு மணி நேரம். சீரியல்கூட ஒரு நாளைக்கு முடிஞ்சுருதுங்க. இது எட்டு மாசமா ஓடிட்டே இருக்குது. நான் ஓவர்டைம் முடிச்சு வரும்போதும் அதே குதிரை, அதே கத்தி."

சிரித்தது தப்பு. பதினாலு வருடமாக உளவியலாளராக இருக்கிறேன். கேம் சம்பந்தமாக வரும் பெற்றோர் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் விளையாடலாம்? முடிவைப் பற்றிக் கேட்டவர் இவர் ஒருவர்தான். இந்தக் கட்டுரையே அவர் கேள்வியிலிருந்து வந்தது. (இதில் வருபவர்களின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

வேடிக்கை என்னவென்றால், விளையாடுகிறவர்களும் மணிக்கணக்குதான் பார்க்கிறார்கள். அவர்கள் கவலை நேர் எதிரானது. நாலாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு ரோல் பிளேயிங் கேம் வாங்கினால் அது நூறு மணி நேரம் ஓட வேண்டும். இருபத்தைந்தில் முடிந்தால் ஏமாந்த மாதிரி. "மேடம், மணிக்கு 160 ரூபா ஆகுது, கட்டுபடியாகுமா?" என்று ஒரு பையன் என்னிடமே கணக்குப் போட்டுக் காட்டினான். கொங்கு நாட்டுப் பிள்ளை, வேறு எப்படிப் பேசுவான்!

விஷயம் தெரியாதவர்களுக்கு: ரோல் பிளேயிங் கேம் என்றால் ஒரு கதாபாத்திரமாக நீங்களே கதைக்குள் இறங்குவது. சண்டை போடப் போடப் பலம் கூடும், நீங்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்துக் கதை திரும்பும். இந்த வகைக்கு நீளம் ஆரம்பத்திலிருந்தே ஒரு பெருமை. 1997ல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 ஒரே கதைக்கு மூன்று சிடி எடுத்துக்கொண்டது. 2022 ஜனவரியில் டையிங் லைட் 2 என்ற கேமைச் செய்த டெக்லேண்ட் கம்பெனி, எல்லாவற்றையும் முழுசாக முடிக்க 500 மணி நேரம் ஆகும், வார்சாவிலிருந்து மாட்ரிட் வரை நடப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம் என்று ட்விட்டரில் பெருமையடித்தது. கைதட்டல் கிடைக்கும் என்று நினைத்திருப்பார்கள். கிடைத்தது எரிச்சல். வேலை, குடும்பம் என்று இருப்பவர்கள், ஐந்நூறு மணிக்கு நாங்கள் எங்கே போவது என்று கேட்டார்கள். உடனே கம்பெனி, முக்கியக் கதை மட்டும் என்றால் 20 மணி நேரம்தான் என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சைபர்பங்க் 2077 வருவதற்கு முன்னால் அதைச் செய்தவர்களே, எங்கள் முந்தைய கேம் ரொம்ப நீளம் என்று நிறையப் புகார் வந்ததால் இதன் முக்கியக் கதையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறோம் என்றார்கள்.

அந்த முந்தைய கேம்தான் விட்சர் 3. 2015ல் வந்தது. முக்கியக் கதைக்குச் சுமார் 50 மணி நேரம், மூலை முடுக்கெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் 170ஐத் தாண்டும். நம் அம்மா சொன்ன குதிரையும் கத்தியும் இதில்தான்.

பையனை லேப்டாப்போடு வரச் சொன்னேன். கேம்களை வாங்கி விளையாடும் ஸ்டீம் என்ற தளத்தில் அவன் கணக்கைத் திறந்தால் 212 மணி நேரம் என்று காட்டியது. எட்டு மாதத்துக்குப் பரப்பினால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்கூட வராது. அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் நம்ப மாட்டார், நானும் நம்பவில்லை. விசாரித்தால் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பரில், செமஸ்டர் பரீட்சை நேரத்தில் விளையாடியது. மொத்தக் கணக்கு இப்படித்தான் கண்ணைக் கட்டும்.

நான் இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் ஒரு வேலை செய்வது உண்டு. "சரி கண்ணு, கதையைச் சொல்லு" என்பேன். அவ்வளவுதான். சொல்ல முடிந்த மணி நேரம் எத்தனை, சொல்ல எதுவுமே இல்லாத மணி நேரம் எத்தனை என்று எனக்கு அதில் தெரிந்துவிடும்.

இவன் முதலில் தயங்கினான். அப்புறம் ஒரு நாட்டுப் பிரபுவைப் பற்றி ஆரம்பித்தான். குடிகாரன். குடித்துவிட்டு மனைவியை அடித்ததில் கரு கலைந்துவிட்டது. மனைவியும் மகளும் வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். புதைக்கும் முறைப்படி புதைக்காத அந்தச் சிசு பேயாகத் திரிகிறது. நாயகன் சொன்னபடி அந்த ஆள் அதைக் கையில் ஏந்தி வந்து, பேர் வைத்து, வாசல்படிக்குக் கீழே புதைக்க வேண்டும். "அத அவன் கையில தூக்கிட்டு நடக்கறப்ப, மேடம்..." என்று நிறுத்திவிட்டான். அதுவரை தன் அப்பாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசாத பையன். நானும் தூண்டவில்லை. இந்தக் கிளைக் கதை சில மணி நேரம்தான் வரும். அதை அவன் இருபது நிமிடம், ஒரு வசனம் விடாமல் சொன்னான்.

"அப்புறம்?"

"அப்புறம் ஸ்கெலிகே தீவு மேடம். மேப்புல கடல் பூரா கேள்விக்குறியா இருக்கும். படகுல ஒவ்வொண்ணா போயி எடுத்துட்டிருந்தேன்."

"என்ன கிடைச்சுது?"

"கடத்தல்காரங்க போட்டு வெச்ச சாமான். பழைய வாளு, கவசம்... கடையில வித்துருவேன்."

"எத்தனை மணி நேரம்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஒரு நாப்பது, அம்பது இருக்கும்." அதில் சொல்வதற்கு ஒரு சம்பவம்கூட இல்லை.

விட்சர் 3 விளையாடிய யாரைக் கேட்டாலும் அந்தக் கேள்விக்குறிகளைத் திட்டுவார்கள். நீளத்தை இழுக்கப் போட்ட சரக்கு அது. பெரிய கேம் பலவற்றில் இப்படி ஒன்று இருக்கும். 2014ல் வந்த டிராகன் ஏஜ் இன்குவிசிஷனில் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற முதல் பகுதியிலேயே ஜனங்கள் சில்லறை வேலைகளைச் செய்துகொண்டு மணிக்கணக்கில் கிடந்தார்கள். கேமைச் செய்தவர்களே, "அங்கிருந்து கிளம்புங்கள், கதை வெளியேதான் இருக்கிறது" என்று சொல்லும்படி ஆனது. திருப்பூர் பாஷையில் சொன்னால் இது ஷிப்ட் சம்பளத்துக்கும் பீஸ் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசம். எத்தனை மணி நேரம் மெஷினில் உட்கார்ந்தாய் என்பது ஒரு கணக்கு, எத்தனை உருப்படி தைத்தாய் என்பது இன்னொரு கணக்கு. கேம் வாங்குகிறவர்கள் ஷிப்ட் கணக்குப் பார்த்தே ஏமாறுகிறார்கள். 2015ல் டோபி ஃபாக்ஸ் பெரும்பாலும் தனியாளாகச் செய்த அண்டர்டேல், ஆறேழு மணி நேரத்தில் முடிந்துவிடும். நான் முழுசாக முடித்த ஒரே கேம் அதுதான். எதிரியைக் கொல்லாமல் விட்டுவிடலாம் என்று அது சொல்லிக்கொடுத்த விதம் இன்னும் மனசில் இருக்கிறது.

நீளமான கதை தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் பக்கத்தில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, காங்கேயம் பக்கம். சின்ன வயசில் சாக்கு விரித்துப் படுத்து, விடிய விடியக் கேட்ட கதையைச் சொல்லுவார். அந்த அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் சாகப்போவது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அவர்கள் களத்தில் விழும் படுகளம் நடக்கும் ராத்திரி அழாத ஆள் இருக்காது. சிலர் அருள் வந்து வீரர்களாகவே களத்தில் விழுந்து கிடப்பார்கள், அப்புறம் எழுப்புவார்கள். ரோல் பிளேயிங் என்பது நமக்கொன்றும் புதுசில்லை. எத்தனை ராத்திரி என்று அமுச்சி கணக்குச் சொன்னதே இல்லை. முடிந்த மறுநாள் கடலைக்காய் பிடுங்கப் போனோம் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

நான் பயப்படுவது முடிவே இல்லாத கேம்களுக்கு. பெற்றோர் கண்ணில் அவை படுவதும் இல்லை, ஏனென்றால் மணிக்கணக்கு குறைவு. உடுமலைப் பக்கம் ஒரு பிளஸ் டூ மாணவி, கென்ஷின் இம்பாக்ட் விளையாடுகிறவள். தினமும் முக்கால் மணி நேரம்தான். அதிலென்ன பிரச்சினை என்று அவள் அப்பாவே கேட்டார். தூக்கம் கெட்டு, வகுப்பில் கண் சொருகுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதால்தான் கூட்டிவந்தார். அவள் போனில் அலாரம் பார்த்தேன்: ராத்திரி 1 மணி.

அந்தக் கேமில் ரெசின் என்று ஒன்று உண்டு. அதைச் செலவழித்தால்தான் முக்கியமான பரிசுகள். எட்டு நிமிடத்துக்கு ஒன்று ஊறும். ஆரம்பத்தில் 120க்கு மேல் சேராது, அதாவது 16 மணி நேரத்தில் தொட்டி நிரம்பிவிடும், மேலே ஊறுவது வீண். பின்னால் 160, அப்புறம் 200 ஆக்கினார்கள், அப்போதும் 27 மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். ஒரு நாள் வராவிட்டால் நஷ்டம் என்ற மாதிரி போட்ட கணக்கு இது. தினசரி வேலைகளும் தனி. ஆசிய சர்வரில் நாள் மாறுவது நம் நேரப்படி ராத்திரி 1.30க்கு. டியூஷன் முடிந்து வந்து அசந்து தூங்கிவிட்டால் அன்றைய கணக்கு போய்விடும். அதனால்தான் அலாரம். "பாலுக்குப் போற மாடு மாதிரி நேரத்துக்கு எந்திரிக்கறா" என்றார் அப்பா, தென்னந்தோப்புக்காரர். அந்தப் பெண்ணிடமும் கதை கேட்டேன். முதல் மூன்று மாதக் கதை ஆசையாகச் சொன்னாள். அதற்கப்புறம் சொன்னதெல்லாம் லாகின், ரெசின், லாகின்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் கேமிங் கோளாறு சேர்ந்து, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் மணிக்கணக்கு என்று ஒரு வரம்பே கிடையாது. விளையாட்டின் மீது கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டு அது முன்னால் வருவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றையும்தான் பார்க்கிறார்கள், பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிக்கிறதா என்று. நாலு நாள் லீவில் விழுந்து விழுந்து விளையாடும் பிள்ளைக்கு இந்தப் பேரை வைக்காதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, நான் சொல்வது சின்ன விஷயங்கள்தான். வாங்கும் முன் ஹவ் லாங் டு பீட் என்ற தளத்தில் அந்தக் கேமின் நீளத்தைப் பாருங்கள். கதைக்கு மட்டும் எவ்வளவு, எல்லாவற்றுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு என்றால் ஜனவரியில் நூறு மணிக் கதையைத் தொடங்க வேண்டாம், மே மாதம் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ஆனால் இந்த வகைக் கேம் பலவற்றில் முதல் இரண்டு மணி நேரம் பாடம் நடத்துவதிலேயே போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடக் கூப்பிடும்போது "இன்னும் பத்து நிமிஷம்" என்று பேரம் பேசாமல், "இந்த வேலையை முடிச்சுட்டு சேவ் பண்ணிட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். எல்டன் ரிங் என்ற கேமில் நடுவில் நிறுத்திவைக்கும் பட்டனே கிடையாது. நடுவில் மெயினை ஆஃப் செய்தால் வீட்டில் இன்னொரு சண்டைதான் மிச்சம்.

பெரியவர்களுக்கும் இது உண்டு. சரவணம்பட்டியில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒருவர், குழந்தை தூங்கிய பிறகு 40 நிமிடம் விளையாடுகிறார். நூறு மணிக் கேம் அவருக்கு 150 ராத்திரி. நடுவில் ஒரு வாரம் விட்டால் எந்தப் பட்டனில் என்ன என்பதே மறந்துபோகிறது. தள்ளுபடியில் வாங்கிப் போட்ட பாதிக் கேம்கள் குற்ற உணர்ச்சியாக உட்கார்ந்திருக்கின்றன. பத்து மணிக் கதை ஒன்றை முடித்துப் பாருங்கள் என்றேன். முடித்துவிட்டு, "பரீட்சை பாஸான மாதிரி இருக்குதுங்க" என்று மெசேஜ் அனுப்பினார்.

சரி, நம் பையனுக்கு வருகிறேன். கடலில் ஏன் அவ்வளவு நாள் கிடந்தான்? கதை முடியப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். முடிந்துவிட்டால் அடுத்தது அரியர் பேப்பர்தான். கேள்விக்குறியில் தோற்பதற்கு எதுவும் இல்லை. போனால் கிடைக்கும், மேப்பில் ஒன்று குறையும். அதனால் முடிக்காமலே வைத்திருந்தான். அவனிடம், கடலை விட்டுவிட்டு மூணு வாரத்துக்குள் கதையை முடி என்று சொன்னேன்.

அம்மா ஆடிப்போய்விட்டார். "விளையாடச் சொல்றீங்களா மேடம்?"

"முடிக்கச் சொல்றேனுங்க."

மூணாவது வாரம் வந்தான். (இன்னும் விளையாடாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள், கதையின் முடிவு வருகிறது.)

"கெட்ட முடிவு வந்துருச்சு மேடம். சிரி திரும்பி வரல." நாயகன் மகளாக வளர்த்த பெண் அவள். அந்த முடிவு சண்டையில் தீர்மானமாவதில்லை. அவள் மனசு உடைந்திருக்கும்போது குடிக்கக் கூப்பிடுவதா, பனிக்கட்டி எறிந்து விளையாடக் கூப்பிடுவதா என்பது போன்ற சின்ன இடங்களில் தீர்மானமாகிறது. தான் எங்கெங்கே தப்புச் செய்தோம் என்று விரல் விட்டு எண்ணினான். "ஒரு எடத்துல அவள தனியா பேசப் போகட்டும்னு விட்டிருக்கோணும். நான் கூடவே போயிட்டேன். பாதுகாப்புன்னு நெனச்சேன்."

வெளியே பெஞ்சில் அம்மா காத்திருந்தார். டிபன் பையை மடியில் வைத்திருந்தார், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது போல.

"முடிஞ்சுதுங்களா மேடம்?"

"முடிஞ்சுருச்சுங்க. அடுத்த வாரம் அவன் மட்டும் தனியா வரட்டும்."