கழுத்துக் கருப்பு அழுக்கு இல்லை

சேலம் அம்மாபேட்டையிலிருந்து போன மாதம் ஓர் அம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிளஸ் ஒன் படிக்கிற பெண், 16 வயது. "நீர்க்கட்டின்னு சொல்லிட்டாங்க மேடம், ராத்திரி சோத்தையே நிறுத்திட்டேன்" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினார். உணவு ஆலோசகரான எனக்கு ரிப்போர்ட்டை விடக் கண்ணில் பட்டது பின்கழுத்துதான். வரிவரியாகக் கருப்பு, ஓரங்களில் தோல் சிராய்த்துச் சிவந்திருந்தது. அழுக்கென்று நினைத்து தினமும் பீர்க்கன் நாரால் தேய்க்கிறார்களாம்.

அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கணையம் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, அந்த அதிகப்படி இன்சுலின்தான் கழுத்து, அக்குள் தோலைத் தடிப்பாக்கிக் கருக்க வைக்கிறது; அதுவே சினைப்பையையும் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடுவதால் கருமுட்டை முழுதாக வளர்ந்து வெளியேறாமல் பாதியில் நின்று, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. ஸ்கேனில் தெரிவது முட்டை வளரும் சின்னச் சின்னப் பைகள். கட்டி என்று பெயர் வைத்ததே தப்பு. வயசுப் பிள்ளைகளுக்கு அப்படி நிறையத் தெரிவது சாதாரணம் என்பதால், இந்த வயதில் ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர்) என்று முடிவு செய்யக் கூடாது என 2023 சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது.

சரி, "நேத்து எழுந்ததிலிருந்து என்ன சாப்பிட்ட கண்ணு?" என்று கேட்டேன். காலையில் டீ, ரெண்டு பிஸ்கட், ஓட்டமாக பஸ். மதியம் எலுமிச்சை சாதம், சிப்ஸ், பாதி திரும்பி வந்தது. சாயங்காலம் ரெண்டு தட்டுவடை செட் (தட்டைக்கு நடுவே சட்னியும் காய்த்துருவலும் வைத்தது). ராத்திரி, சோற்றுக்குப் பதில் சர்க்கரை போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி, உடம்புக்குக் குளிர்ச்சி என்று. நம்ம ஊர்ச் சரக்குதான், எனக்கும் பிடிக்கும், ஆனால் ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் மாவுச்சத்து, சர்க்கரையும் சேர்ந்தால் ரத்தத்தில் சட்டென்று ஏறும். நாள் முழுக்கப் புரதம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

அரசின் காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு முடிகிறது, பெண் பிள்ளை வளர்கிற வயது அதற்குப் பிறகுதான் வருகிறது. வயதுக்கு வந்தபோது உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டுகிற வீடுகள், சீர் முடிந்ததும் அதை மறந்துவிடுகின்றன.

பட்டினி போடாதீர்கள். உடம்புக்குப் போதுமான சக்தி கிடைக்காவிட்டால் மூளையே மாதவிலக்கை நிறுத்திவிடும். கிளம்பும் முன் இட்லியோடு ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ, மதியம் சோற்றைக் குறைத்துப் பருப்பும் கீரையும் கூட்டி, ராத்திரி எட்டு மணிக்குள் சாப்பாடு. கம்பு, ராகி நல்லது, ஆனால் அதுவும் தானியம்தான், அளவு வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 9.4 தான் இருந்தது (12 இருக்க வேண்டும்), அதனால் டீ, காபியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளச் சொன்னேன், இல்லாவிட்டால் இரும்புச்சத்து சரியாகச் சேராது. அப்புறம், தினமும் அரை மணி நேரம் வேக நடை.

வயதுக்கு வந்த முதல் ஒரு வருடம் மாதவிலக்கு முன்பின்னாக வருவது சகஜம். மூன்று வருடம் கழிந்தும் 35 நாளுக்கு மேல் போனாலோ, ஒருமுறை 90 நாள் தாண்டினாலோ, 15 வயது முடிந்தும் வயதுக்கு வராவிட்டாலோ மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள், தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.