இயங்குதளம் நிறுவும்போது பழைய கணினி ஏன் பாதியில் நிற்கிறது?

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே காவிரிப் படுகையின் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்த கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அந்தக் காலத்து மேசைக் கணினிகளும் கூட்டுறவுச் சங்கங்களிலும் அச்சகங்களிலும் தட்டச்சுப் பயிலகங்களிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இத்தகைய பழைய கணினிகளில் கிடையாது. ஆகவே லினக்ஸ் வகை இயங்குதளம் ஒன்றை நிறுவி அவற்றுக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கொடுக்கலாம் என்று பலரும் முயல்கிறார்கள். நிறுவல் பாதியில் நின்றுவிட்டால், நேற்றுவரை நன்றாக ஓடிய கணினியை இந்தப் புதிய இயங்குதளம் கெடுத்துவிட்டது என்றே பெரும்பாலும் முடிவு கட்டப்படுகிறது. அந்த முடிவு ஏன் தவறு என்பதை அறிந்துகொண்டால், பழுது எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழியும் கூடவே தெரிந்துவிடும்.

அன்றாட வேலையில் ஒரு கணினி தன் உறுப்புகளில் சிறு பகுதியையே தொடுகிறது. கடிதம் தட்டச்சு செய்வதற்கும் பாட்டுக் கேட்பதற்கும் ரேம் முழுவதும் நிரம்ப வேண்டியதில்லை. வன்தட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் படிக்கப்படாமலே கிடக்கும். கணக்கிடும் சில்லான செயலி (சி.பி.யூ.) பெரும்பாலும் சும்மா இருக்கும். நிறுவலின்போது நிலைமை வேறு. பென்டிரைவில் சுருக்கி வைக்கப்பட்டுள்ள பல ஆயிரம் கோப்புகளைப் படித்து, ரேமில் வைத்து விரித்து, சரிபார்த்து, வன்தட்டில் எழுத வேண்டும். விரிக்கும் வேலையில் செயலி முழு வேகத்தில் ஓடுகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்கால் நிறைந்து ஓடும்போதுதான் கரையில் நண்டு வளை எங்கே இருக்கிறது என்பது வெளிப்படும். முன்பே இருந்த பழுது நிறுவலில் வெளிப்படுவதும் அப்படித்தான்.

எனவே, நிறுவல் நின்றதும் கணினியை அணைத்துவிட்டு வேறொரு இயங்குதளத்தைத் தேடி ஓடுவதைவிட, அதே நிறுவலை எதையும் மாற்றாமல் இன்னொரு முறை நடத்திப் பார்ப்பது பயன் தரும். இரண்டு முறையும் பிழை ஒரே இடத்தில் வருகிறதா, இடம் மாறி வருகிறதா என்பதே நாம் அறிய வேண்டிய முதல் செய்தி. ஒரே கோப்பில், ஒரே விழுக்காட்டில் நின்றால், பென்டிரைவில் உள்ள நகலையோ வன்தட்டின் குறிப்பிட்ட ஒரு பகுதியையோ முதலில் ஐயுற வேண்டும், ஏனெனில் அவற்றில் உள்ள பழுது இருந்த இடத்திலேயே இருக்கும். ஒருமுறை 30 விழுக்காட்டிலும் மறுமுறை 70 விழுக்காட்டிலும் வேறு வேறு பிழைச் செய்தியோடு நின்றால், ரேம், வெப்பம், மின்சாரம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ரேமைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் பழுதைப் போல ஆளை அலைக்கழிப்பது வேறொன்றும் இல்லை. 4 ஜி.பி. ரேமில் 0 அல்லது 1 என்பதைத் தாங்கும் பிட்டுகள் ஏறத்தாழ 3,436 கோடி உள்ளன. அவற்றில் ஒன்றிரண்டு மட்டும் எழுதியதைத் திருப்பித் தராமல் போனாலும் கணினி தொடங்கும், உலாவியும் திறக்கும். கெட்ட பிட் ஒரு புகைப்படத்தின் தரவைத் தாங்கியிருந்தால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், அதை யாரும் கவனிப்பதில்லை. சுருக்கப்பட்ட கோப்பில் அப்படி நடந்தால் கதை வேறு. அங்கே ஒரு பிட் மாறினால் அதற்குப் பின்வரும் தரவு முழுவதும் பொருளற்றுப் போகலாம். கோப்பு சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணும் பொருந்தாது என்பதால், நிறுவலை நடத்தும் மென்பொருளான நிறுவி அங்கேயே நின்றுவிடுகிறது. இயங்குதளம் ஒவ்வொரு முறையும் ரேமின் வேறு வேறு பகுதிகளில் கோப்புகளை வைப்பதால், கெட்ட பிட்டில் வந்து விழும் கோப்பும் ஒவ்வொரு முறையும் வேறாகிறது. பிழை இடம் மாறி மாறி வருவதன் காரணம் இதுவே.

இதைச் சோதிக்க மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்னும் இலவச மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து நேரடியாக இயக்கலாம். அது ரேமின் ஒவ்வொரு பகுதியிலும் பல வகை வடிவங்களை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிடுகிறது. குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது முடிய விட வேண்டும். இரவு முழுவதும் ஓட விட்டால் இன்னும் நல்லது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் உடனே தூக்கி எறியவும் வேண்டாம். இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதித்து, பிறகு செருகிடத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பிழை ரேமோடு சேர்ந்து நகர்ந்தால் ரேம் கெட்டுவிட்டது. செருகிடத்திலேயே தங்கினால் மதர்போர்டில் குறை இருக்கிறது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் மூன்றாவது ஒரு வாய்ப்பும் உண்டு, அங்கே அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரேமின் தொடுமுனைகள் மீதுள்ள தங்க முலாம் மிக மெல்லியது. உப்புக் காற்றின் ஈரம் முலாமில் உள்ள நுண்துளைகள் வழியே அடியிலுள்ள நிக்கலையும் செம்பையும் எட்டும்போது, அவை அரிக்கப்பட்டு, அந்த அரிப்பு மேலே படர்ந்து தொடர்பைக் கெடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் முழுவதும் மூடிக் கிடந்த கணினியைத் தையில் திறந்து இயக்கினால், ரேம் பழுதைப் போலவே எல்லா அறிகுறிகளும் தோன்றலாம். கடைகளில் பென்சில் அழிப்பானால் தேய்ப்பது வழக்கம். அது பலன் தருகிறது என்பது உண்மையே என்றாலும், ஒவ்வொரு தேய்ப்பிலும் முலாம் கொஞ்சம் குறைகிறது, ரப்பர்த் துகள்களும் செருகிடத்துக்குள் தங்கிவிடுகின்றன. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான துணியால் துடைத்து, நன்றாக உலர விட்டுப் பொருத்துவதே மேல்.

பிழை ஒரே இடத்தில் வருமானால் முதலில் பென்டிரைவைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அதுவே எளிதில் மாற்றக்கூடியது. இயங்குதளத்தை வெளியிடுவோர் அதன் கோப்போடு எஸ்.எச்.ஏ. 256 என்னும் சரிபார்ப்புத் தொகையையும் தருகிறார்கள். நாம் இறக்கிய கோப்பின் தொகை அதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் மலிவுப் பென்டிரைவுகளும் சந்தையில் உண்டு; அவற்றில் எழுதும்போது பிழை தெரியாது, படிக்கும்போதுதான் தெரியும்.

பென்டிரைவில் குறையில்லை என்றால் அடுத்தது வன்தட்டு. வன்தட்டுகள் ஸ்மார்ட் என்னும் முறையில் தம் உடல்நிலையைத் தாமே பதிந்து வைத்துக்கொள்கின்றன. பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கி அந்தப் பதிவைப் படித்துவிட முடியும். அதில் நான்கு எண்களைப் பார்த்தால் போதும். 5ஆம் வரிசை, கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின், அதாவது வன்தட்டின் சிறு தரவுக் கூறுகளின், எண்ணிக்கை. 197ஆம் வரிசை, படிக்க முடியாமல் ஐயத்தில் நிற்பவை. அந்த இடத்தில் மறுபடி எழுதப்படும்போதுதான் அவை தேறுமா, மாற்றிடம் தேவையா என்பதை வன்தட்டு முடிவு செய்யும். 198ஆம் வரிசை, திருத்தவே முடியாத பிழைகள். இவை கூடிக்கொண்டே போனால் நிறுவலை நிறுத்திவிட்டு, முதலில் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும். 199ஆம் வரிசையின் பொருளோ முற்றிலும் வேறு. வன்தட்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான பயணத்தில் தரவு சிதைந்ததை அது எண்ணுகிறது. மற்ற மூன்றும் சுழியமாக இருக்க இது மட்டும் ஏறுமானால், பெரும்பாலும் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும். அந்தக் கேபிளின் விலை வன்தட்டின் விலைக்கு முன் ஒன்றுமே இல்லை என்பதால், வன்தட்டை மாற்றச் சொல்வோரிடம் இந்த எண்ணைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். பம்பு செட்டுகளிலும் அரிசி ஆலைகளிலும் உள்ள மோட்டார்கள் தொடங்கும் அந்த நொடியில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து, ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கின்றன. அதே லைனில் உள்ள வீடுகளில் விளக்கு ஒருகணம் மங்கி மீளும். மேசைக் கணினியின் உறுப்புகளுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் உள்ள பெரிய மின்தேக்கி, சேமித்து வைத்த ஆற்றலைக் கொண்டு இத்தகைய இடைவெளியை ஏறத்தாழ 16 மில்லி விநாடி தாங்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. நம் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லி விநாடி. புதியதாக இருக்கும்போதே தாங்குதிறன் அவ்வளவுதான் என்றால், பத்தாண்டு வெப்பத்தில் உலர்ந்துபோன மின்தேக்கியால் எவ்வளவு தாங்க முடியும்? நிறுவலின்போது செயலியும் வன்தட்டும் ஒருசேர மின்சாரம் கேட்கும் வேளையில் விளக்கு மங்கினால் கணினி மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைத்திருந்தால், அதில் உள்ள சுவிட்ச் யூ.பி.எஸ். நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண நிலையில் பேட்டரிக்கு மாறும் நேரம் மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதுமே தவிர, கணினிக்குப் போதாது. 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது விதி. சுமை ஏறும்போது மல்டிமீட்டர் 11.4க்குக் கீழ் காட்டினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றத்தான் வேண்டும்.

வெப்பத்தின் அறிகுறி தனி. முதல் முறை இருபது நிமிடம் ஓடி அணைந்த கணினி, உடனே மறுபடி முயன்றால் ஐந்து நிமிடத்திலேயே அணையும். ஒரு மணி நேரம் ஆற விட்டால் மறுபடி இருபது நிமிடம் ஓடும். அறுவடைக் காலத்து நெல் தூசி மடிக்கணினியின் வெப்பத் தகடுகளுக்கு இடையில் கம்பளிபோல் அடைந்திருக்கும். அதை நீக்கி, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உறுப்புகள் யாவும் நலமாக இருந்தும் நிறுவி தொடங்கவே மறுப்பதும் உண்டு. தேர்வுப் பட்டியலில் நிறுவலைத் தேர்ந்தெடுத்ததும் திரை இருண்டுவிட்டால், விசைப்பலகையில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, திரையில் படம் வரவைக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் இயக்கி மட்டுமே திணறுகிறது. தேர்வுப் பட்டியலில் உள்ள தொடக்கக் கட்டளை வரியின் முடிவில் 'நோமோட்செட்' (nomodeset) என்னும் சொல்லைச் சேர்த்தால், அந்த இயக்கி திரையமைப்பை மாற்றாமல் எளிய முறையிலேயே படம் வரும்.

நிறுவல் முழுவதும் நல்லபடி முடிந்து, கணினி மட்டும் அதிலிருந்து தொடங்க மறுத்தால், கணினியைத் தொடக்கி வைக்கும் இரு முறைகளான பயாஸும் யூ.ஈ.எஃப்.ஐ.யும் குழம்பியிருக்கின்றன என்றே பெரும்பாலும் பொருள். பழைய பயாஸ் முறையில் வன்தட்டின் முதல் 512 பைட்டில்தான் தொடக்கத்தின் முதற்படி அடங்க வேண்டும்: 446 பைட்டு தொடக்க நிரல், 64 பைட்டு பகுதி அட்டவணை, 2 பைட்டு அடையாளம். யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் அதற்கெனத் தனிப் பகுதி ஒன்றில் கோப்பாகவே தொடக்க நிரல் இருக்கும். 2010க்குப் பிந்தைய சில ஆண்டுகளின் கணினிகளில் பல இரண்டு முறைகளையும் அறியும் என்பதால், ஒரே பென்டிரைவ் தொடக்கப் பட்டியலில் இரண்டு பெயரில் தெரியும். எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்து நுழைகிறோமோ அந்த முறையில்தான் நிறுவல் அமையும். பிறகு கணினி மற்ற முறையில் தொடங்க முயன்றால் நிறுவியது அதன் கண்ணுக்கே தெரியாது.

மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோயிருப்பதும் இதே குழப்பத்தை உண்டாக்கும். மின்சாரத்தைத் துண்டித்ததும் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, தொடக்க முறையும் வன்தட்டை அணுகும் முறையும் நாம் வைத்தபடி இல்லாமல் மாறிவிடுகின்றன. கூடவே கடிகாரமும் பல ஆண்டு பின்னோக்கிப் போய்விடுவதால், இணையச் சான்றிதழ்கள் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று இயங்குதளம் கருதி, மென்பொருள் களஞ்சியத்தோடு இணைய மறுக்கிறது. இணைப்பு நன்றாக இருந்தும் தரவிறக்கம் மட்டும் நடக்காத கணினியில் முதலில் தேதியைப் பாருங்கள்.

செயலி 32 பிட் மட்டுமே அறிந்ததா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். லினக்ஸ் வகை இயங்குதளமான டெபியன் தன் 12ஆம் பதிப்பு வரை அத்தகைய கணினிகளுக்கு நிறுவி தந்தது. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பில் அது இல்லை. மதர்போர்டில் மின்தேக்கிகளின் தலை உப்பியோ பழுப்புக் கசிவோ தெரிந்தால், அவற்றை மாற்றிப் பற்றவைக்கும் கைத்திறன் உள்ளவர் அருகில் இல்லாதவரை நிறுவலைத் தொடர்வதில் பொருளில்லை. அந்தக் கணினியின் வன்தட்டைக் கழற்றி யூ.எஸ்.பி. உறையில் பொருத்தினால் கோப்புகளை வேறு கணினிக்கு மாற்றிவிடலாம். சோதனையில் தேறிய ரேமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அதே தலைமுறையைச் சேர்ந்த இன்னொரு கணினிக்கு உதவும்.